காலடியில் யாருடைய புகை?

நெதர்லாந்தில் ராட்டர்டாம் துறைமுகத்தை ஒட்டித் தெற்கே பாரென்ட்ரெக்ட் என்றொரு ஊர் இருக்கிறது. ஐம்பதாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவாக வாழும் அமைதியான குடியிருப்புப் பகுதி. அதன் அடியில் ஏறத்தாழ 1.7 கி.மீ. ஆழத்தில் ஒன்றும் 2.7 கி.மீ. ஆழத்தில் ஒன்றுமாக இரண்டு எரிவாயுப் படுகைகள். எடுத்து எடுத்து அவை வற்றும் நிலைக்கு வந்திருந்தன. சற்றுத் தள்ளிப் பெர்னிஸில் ஷெல் நிறுவனத்தின் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அதன் ஹைட்ரஜன் பிரிவிலிருந்து அநேகமாகத் தூய நிலையிலேயே கரியமில வாயு வெளிவந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பகுதியைக் குழாய் வழியே பசுமைக் குடில்களுக்கு அனுப்பித் தக்காளியும் பூவும் வளர்த்தார்கள். மிச்சம் காற்றில் போனது. அதைக் காற்றில் விடாமல் பாரென்ட்ரெக்டின் வெற்றுப் படுகைகளில் இறக்கினால் இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு கோடி டன் வாயுவைப் பூட்டிவைக்கலாம் என்று ஷெல் கணக்குப் போட்டது. அரசும் மானியம் தரச் சம்மதித்தது. தூய வாயு கையில் இருக்கிறது, படுகை பக்கத்தில் இருக்கிறது, நிதியும் இருக்கிறது. பொறியாளர் கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

2008இன் தொடக்கத்தில் ஊர்மக்களைக் கூட்டித் திட்டத்தை விளக்கினார்கள். பாறை அடுக்குகளின் படங்கள், அழுத்த அளவுகள், பாதுகாப்புக் கணக்குகள் எல்லாம் வந்தன. மக்கள் கேட்டது வேறு. என் வீட்டின் விலை குறைந்தால் யார் ஈடு கட்டுவார்கள்? இருபத்தைந்து வருடம் கழித்து ஷெல் போய்விட்டால் இந்த வாயு யார் பொறுப்பு? கடலுக்கடியில் இத்தனை காலிப் படுகைகள் இருக்க, முதல் சோதனை ஏன் எங்கள் தலைக்குக் கீழே? அந்த ஊர் ஏற்கெனவே நெடுஞ்சாலைகளையும் அதிவேக ரயில் பாதையையும் சரக்கு ரயில் பாதையையும் நாட்டுக்காகத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது தண்டவாளங்களுக்கு மேல் ஒன்றரைக் கி.மீ. நீளத்துக்குக் கூரை போட்டு மூடிய ஊர் அது. இன்னும் ஒன்றா என்ற சலிப்பு முதல் கூட்டத்திலேயே தெரிந்தது. நகராட்சி எதிர்த்தது. உள்ளூராட்சியின் அனுமதியைத் தாண்டிச் செல்லும் வழியை மத்திய அரசு தேடியது. 2009இன் இறுதியில் இரண்டு அமைச்சர்கள் நேரில் வந்து அரசு முடிவெடுத்துவிட்டது என்று சொன்னபோது அரங்கில் கூச்சல் எழுந்தது. 2010 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. தாமதத்தையும் ஊரின் ஆதரவு இல்லாததையும் அரசு காரணமாகச் சொன்னது. அடுத்த சில மாதங்களில் நாட்டின் நிலப்பகுதி எங்குமே கரியமில வாயுவைப் புதைப்பதில்லை என்ற முடிவும் வந்தது.

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, அழுத்தி, குழாயிலோ கப்பலிலோ கொண்டுபோய், ஆழத்தில் இருக்கும் நுண்துளைப் பாறைக்குள் இறக்கி, மேலே இருக்கும் இறுகிய பாறையை மூடியாக வைத்துப் பூட்டுவதுதான் இந்தத் தொழில்நுட்பம். இது புதிதல்ல. நார்வே 1991இல் கரியமில வாயுவுக்கு வரி போட்டது. அந்த வரியைத் தவிர்க்க 1996இலேயே வடகடலின் ஸ்லைப்னர் எரிவாயுக் களத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். நன்றாகத் தேர்ந்தெடுத்து நன்றாக நடத்தினால், இறக்கிய வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் ஆயிரம் ஆண்டுகளானாலும் உள்ளேயே இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2005இல் தன் சிறப்பு அறிக்கையில் சொன்னது. ஆனாலும் உலகம் முழுவதும் இன்று பிடிக்கப்படுவது ஆண்டுக்கு ஐந்து கோடி டன் அளவில்தான். வெளியேறுவதோ 3,700 கோடி டன்னுக்கு மேல். இந்த இடைவெளிக்குப் பணம் ஒரு காரணம். மக்கள் இன்னொரு காரணம், அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தவர்கள் முதலில் கண்டது வெறுமை. 2003இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஆயிரத்து இருநூறு பேரிடம் கேட்டபோது, இந்தத் தொழில்நுட்பத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் பன்னிரண்டு நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், கேள்விப்பட்டிருக்கிறோம், என்னவென்றும் தெரியும் என்றவர்கள் பத்து விழுக்காடு. வீட்டிலிருந்து ஐந்து கி.மீ.க்குள் சேமிப்புக் கிடங்கு வந்தால் கவலைப்படுவீர்களா என்று கேட்டதற்குப் பத்தில் ஆறு பேர் ஆம் என்றார்கள். என்னவென்றே தெரியாத ஒன்று பக்கத்தில் வந்தால் கவலை என்பதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. ஆனால் தெரியாத பொருளைப் பற்றி வாங்கிய பதிலை மக்களின் கருத்து என்று எழுதிவைக்கலாமா என்ற கேள்வி வருகிறது.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றும் விளக்காமல் கேட்டாலும் மக்கள் பதில் சொன்னார்கள், மதிப்பெண்கூடப் போட்டார்கள். சில நிமிடங்கள் கழித்து அதே ஆளிடம் அதே கேள்வியைக் கேட்டால் பதில் மாறியிருந்தது. இதைப் போலிக் கருத்து என்றார்கள் ஆய்வாளர்கள். சாதக பாதகங்களை நிபுணர்கள் சரிபார்த்துத் தொகுத்துக் கொடுத்து, படித்து யோசித்த பிறகு கேட்டபோதுதான் நிலையான பதில் கிடைத்தது. அப்போது பெரும்பாலானவர்கள் இந்தத் தொழில்நுட்பத்தை உற்சாகத்தோடு வரவேற்கவும் இல்லை, அடியோடு தள்ளவும் இல்லை. வேறு வழி இல்லையென்றால் சரி என்ற அளவில் நின்றார்கள். இருபது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் ஆய்வுகளை மொத்தமாகப் பார்த்தால், தொலைவில் நின்று யோசிக்கும் மனிதர்களின் மனநிலை அநேகமாக இதுவே.

சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் வேறொரு பக்கம் போனார்கள். நிலத்துக்குள் வாயு எப்படி இருக்கும் என்று மக்கள் மனத்தில் என்ன படம் இருக்கிறது என்று கேட்டார்கள். பலர் மனத்தில் பெரிய குகை; குகை நிறைய வாயு, ஊதிய பலூன் போல. குத்தினால் வெடிக்கும். உண்மையில் அங்கே இருப்பது மணற்கல். ஈரச் செங்கல்லுக்குள் தண்ணீர் எப்படி ஊறி நிற்கிறதோ அப்படித்தான் அழுத்தத்தில் திரவம்போல் அடர்ந்த வாயு கல்லின் நுண்துளைகளில் ஊறி நிற்கும். காலம் போகப் போக ஒரு பகுதி உப்புநீரில் கரையும், ஒரு பகுதி கல்லோடு கல்லாகும். இதைச் சொன்னால் பயத்தில் ஒரு பங்கு தணிகிறது என்பது உண்மை.

இதிலிருந்துதான் தொழில்துறை தவறான பாடம் படித்தது. விளக்கினால் போதும், ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள். கண்காட்சிகள் வைத்தார்கள், வண்ணக் கையேடுகள் அடித்தார்கள். 2011இன் அதே ஐரோப்பியக் கணக்கெடுப்பில் எந்த நாட்டு மக்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் மிக அதிகமாகத் தெரிந்திருந்தது என்று பார்த்தால், நெதர்லாந்து, 52 விழுக்காடு. முந்தைய ஆண்டுதான் அங்கே பாரென்ட்ரெக்ட் திட்டத்தை மக்கள் விரட்டியிருந்தார்கள். அறியாமைதான் எதிர்ப்பின் வேர் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு எண்ணுக்கு முன் சற்று நிற்க வேண்டும்.

திட்டம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பாரென்ட்ரெக்டில் 811 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. கசிவு பற்றிய அச்சம் அவர்களிடம் இருந்தது. ஆனால் எதிர்ப்பை விளக்க அது மட்டும் போதவில்லை. தங்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்ற கோபம், அரசும் ஷெல்லும் சொல்வதை நம்ப முடியவில்லை என்ற எண்ணம், வீட்டின் விலை இறங்கும் என்ற கவலை ஆகியவையும் சேர்ந்தே எதிர்ப்பைக் கட்டியிருந்தன. அதே ஆய்வாளர்கள் செய்த வேறொரு சோதனை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. எண்ணெய் நிறுவனம் ஒன்று பூமியைக் காப்பாற்றவே இதைச் செய்கிறோம் என்று சொன்னபோது மக்கள் அதை நம்பவில்லை. எங்களுக்கு இதில் லாபம் இருக்கிறது என்று சொன்னபோது அதே நிறுவனத்தை நேர்மையாகப் பேசுவதாக மதித்தார்கள். மளிகைக் கடைக்காரர் உன் நன்மைக்காகத்தான் கடை போட்டேன் என்றால் நாம் எடைக்கல்லைத் திருப்பிப் பார்ப்போமில்லையா, அதுபோலத்தான்.

பாதுகாப்பு பற்றிய அச்சம் வெறும் கற்பனை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எங்கள் பக்கத்தில் நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் தூர்வார இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். சுடர் பாதியில் நடுங்கி அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். காற்றைவிடக் கனமான வாயு அடியில் படுத்துக் கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். சிறுவயதில் நான் பார்த்த அந்தச் சுடரைத்தான், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சட்டார்ஷியா பற்றிப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். ஐம்பது பேர்கூட இல்லாத சிற்றூர் அது. எண்ணெய்க் கிணறுகளுக்குக் கரியமில வாயு கொண்டுபோகும் 24 அங்குலக் குழாய் ஊருக்கு ஒரு மைல் தொலைவில் ஓடுகிறது. தொடர்மழையில் மண் சரிந்து 2020 பிப்ரவரி 22ஆம் தேதி மாலை ஏழு மணி வாக்கில் குழாய் வெடித்தது. வெண்புகையாக எழுந்த வாயு தாழ்வான நிலத்தில் ஊரை நோக்கித் தவழ்ந்து வந்தது. தப்பியோட வண்டி ஏறியவர்களின் கார்கள் நடுவழியில் நின்றன. எரிய ஆக்சிஜன் இல்லாமல் எஞ்சின் அணைந்துவிட்டது. கிணற்றில் இறக்கிய விளக்குக்கு நடந்ததுதான் அது. மூச்சுத் திணறி, நினைவு தப்பி, வண்டிக்குள்ளேயே சாய்ந்து கிடந்தவர்களை மீட்புக் குழுவினர் தேடித் தேடி எடுத்தார்கள். ஏறத்தாழ இருநூறு பேர் வெளியேற்றப்பட்டார்கள், நாற்பத்தைந்து பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். உயிர்ச்சேதம் இல்லை. குழாய் வெடித்தால் வாயு எங்கெங்கே பரவும் என்று நிறுவனம் முன்பே போட்டிருந்த கணக்கில் சட்டார்ஷியா ஆபத்துப் பகுதியாக இல்லவே இல்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரிந்தது.

எதிர்ப்பவர்கள் இன்னொரு பெயரையும் சொல்வார்கள்: கேமரூனின் நியோஸ் ஏரி. 1986 ஆகஸ்ட் 21 இரவு அந்த எரிமலை ஏரியின் அடியில் சேர்ந்திருந்த கரியமில வாயு ஒரேயடியாகப் பொங்கி வழிந்து, தூக்கத்திலேயே 1,700க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. நியோஸ் உதாரணம் பொருந்தாது என்பது புவியியலாளர் சொல்வது; திறந்த ஏரி நீரில் கரைந்த வாயுவும் கி.மீ. கணக்கான பாறைக்கடியில் ஊறிய வாயுவும் ஒன்றல்ல. நான் அதை ஏற்கிறேன். ஆனால் சட்டார்ஷியா அப்படித் தள்ளக்கூடியதல்ல. நிலத்தடிக் கிடங்கைவிட அதற்கு வந்து சேரும் குழாய்தான் மனிதர்களுக்கு நெருக்கமாக ஓடுகிறது. சேமிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நிபுணர்கள் குழாயைக் கவனிக்க மறந்தார்கள், ஊர்க்காரர்கள் மறக்கவில்லை.

அமெரிக்காவின் மத்திய மேற்குச் சமவெளியில் சண்டை முழுவதும் குழாயைச் சுற்றித்தான். மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் காய்ச்சும் ஆலைகள் அங்கே நிறைய. அவற்றின் வாயுவைத் திரட்டி வடக்கு டக்கோட்டாவிலும் இல்லினாயிலும் புதைக்கப் பெரும் குழாய்த் திட்டங்கள் வந்தன. 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதைக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 85 டாலர் வரிச் சலுகை. வழியில் இருக்கும் நிலங்களை உரிமையாளர் சம்மதம் இல்லாவிட்டாலும் கையகப்படுத்தும் அதிகாரத்தை நிறுவனங்கள் கேட்டன. அங்கிருந்துதான் நெருப்பு பற்றியது. மக்காச்சோள விவசாயிகள் வாக்களிப்பது பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கு. காலநிலை இயக்கத்தவரோடு அவர்களுக்கு எந்த உறவும் கிடையாது. அவர்களும் சியரா கிளப் சூழலியலாளர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். நேவிகேட்டர் நிறுவனம் 2023 அக்டோபரில் தன் 1,300 மைல் திட்டத்தையே கைவிட்டது. குழாய் நிறுவனங்களுக்குச் சாதகமாகக் கருதப்பட்ட சட்டத்தைத் தெற்கு டக்கோட்டா மக்கள் 2024 நவம்பர் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள்; 2025 மார்ச்சில் கரியமில வாயுக் குழாய்க்காக நிலம் கையகப்படுத்துவதையே அந்த மாநிலம் தடை செய்தது. அந்த விவசாயிகளில் எத்தனை பேர் புவி வெப்பமாவதை நம்புகிறார்கள் என்பது இங்கே கேள்வியே இல்லை. பாட்டன் வாங்கிய நிலத்தில் அளவைக் கம்பு நட யார் உனக்கு உரிமை கொடுத்தது என்பதே அவர்கள் கேட்டது.

அதே இல்லினாயில் மட்டூன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. எங்களுக்குக் கொடுங்கள் என்று வரிந்துகட்டி நின்ற ஊர் அது. கரியைப் பயன்படுத்தி அதன் கரியமில வாயுவில் பெரும்பகுதியைப் புதைக்கும் முன்மாதிரி மின் நிலையமான ஃபியூச்சர்ஜென் திட்டத்துக்கு ஏழு மாநிலங்களிலிருந்து பன்னிரண்டு இடங்கள் போட்டியிட்டன. 2007 டிசம்பரில் மட்டூன் வென்றது, ஊர் கொண்டாடியது. ஒரே மாதத்தில் செலவு கூடிவிட்டதென்று மத்திய அரசு பின்வாங்கியது. 2010இல் திட்டம் திரும்ப வந்தபோது வடிவம் மாறியிருந்தது. மின் நிலையம் வேறோர் ஊரில். அங்கிருந்து குழாயில் வரும் வாயுவைப் புதைக்க மட்டும் மட்டூன். ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதே நிலம், அதே பாறை, அதே வாயு, அதே மக்கள். ஆலையும் வேலையும் பெயரும் வேறிடத்துக்குப் போய், மிஞ்சியது மட்டும் தங்கள் காலடிக்கு வருவதை அவர்கள் ஒப்பவில்லை. நிலத்தடிப் பாதுகாப்புக் கணக்கில் ஒரு புள்ளிகூட மாறாமலே மக்கள் மனம் தலைகீழாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்திலும் இப்படி ஓர் இரட்டை நிகழ்வு. கெட்சின் என்ற ஊரில் போட்ஸ்டாம் புவியறிவியல் ஆய்வு மையம் 2008 முதல் 2013 வரை ஏறத்தாழ 67,000 டன் வாயுவை இறக்கியது. பெரிய எதிர்ப்பு எழவில்லை. நடத்தியது ஆராய்ச்சி நிறுவனம், அளவும் சிறிது, நிலத்தடியில் எரிவாயு சேமித்த பழக்கம் அந்த ஊருக்கு ஏற்கெனவே உண்டு. அதே மாநிலத்தின் கிழக்கே பீஸ்கோ வட்டாரத்தில் யான்ஷ்வால்ட பழுப்புக்கரி மின் நிலையத்தின் வாயுவை இறக்க வாட்டன்ஃபால் நிறுவனம் வந்தபோது ஊர்கள் கொதித்தெழுந்தன. 2011 டிசம்பரில் நிறுவனம் விலகியது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் மாநிலங்களுக்கு மறுக்கும் உரிமையைத் தந்தது. அதோடு ஜெர்மன் மண்ணில் பல ஆண்டுகளுக்குப் பேச்சே அடங்கிவிட்டது.

ஏற்றுக்கொண்ட ஊர் என்றால் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள தொமகொமாயைச் சொல்ல வேண்டும். 2016 முதல் 2019 வரை அங்கே கடலடியில் மூன்று லட்சம் டன் இறக்கினார்கள். சிப்பி பிடிக்கும் மீனவர்களின் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கத்திலேயே உட்கார வைத்துப் பேசினார்கள். எவ்வளவு வாயு இறங்குகிறது, அழுத்தம் என்ன, நில அதிர்வு உண்டா என்ற தகவல்களை நகராட்சி அலுவலகத்தில் திரை வைத்துக் காட்டினார்கள். வரி கட்ட வந்தவரும் நின்று பார்க்கலாம். 2018 செப்டம்பர் 6 அதிகாலையில் 6.7 அளவு நிலநடுக்கம் அந்தத் தீவைக் குலுக்கியது. இறக்கிய வாயுதான் காரணமா, கசிந்ததா என்ற கேள்வி உடனே எழுந்தது. எழாவிட்டால்தான் ஆச்சரியம். அளவீடுகளை வெளியிட்டு, நிபுணர் குழு ஆராய்ந்து, கசிவும் இல்லை நிலநடுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பும் இல்லை என்று அறிவித்தார்கள். அந்தச் சொல் செல்லுபடியானதற்கு, நடுக்கத்துக்கு முன்பே ஆண்டுக்கணக்கில் திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்களும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இல்லினாயின் டிகேட்டரில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் முன்னோடிக் கிடங்கு அது, ஏ.டி.எம். நிறுவனம் எத்தனால் ஆலை வாயுவை 2011இல் அங்கே இறக்கத் தொடங்கியது. ஒரு கண்காணிப்புக் கிணறு அரித்து, இருக்க வேண்டிய அடுக்கைத் தாண்டி வாயு கலந்த நீர் நகர்ந்திருந்தது. குடிநீருக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால் ஊரார் அதை அறிந்தது பல மாதங்கள் கழித்து, 2024 செப்டம்பரில், செய்திகள் வழியாக. 2025இல் அந்த மாநிலம் மகோமட் நிலத்தடி நீர்ப்படுகைப் பகுதியில் கரியமில வாயு புதைப்பதற்குத் தடை போட்டது. கசிவைவிட மறைப்பு பெரிய சேதம் செய்தது.

நிலத்தடி நீர் என்று வந்துவிட்டால் விவசாயிகள் எங்கும் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பெரும் ஆர்டீசியன் படுகையில் மூன்று ஆண்டுகளில் 3,30,000 டன் இறக்கிச் சோதிக்க வேண்டும் என்று க்ளென்கோர் சுரங்க நிறுவனத்தின் துணை நிறுவனம் கேட்டது. வறண்ட உள்நாட்டுக்கு அந்தப் படுகைதான் உயிர்நீர். ஆக்ஃபோர்ஸ் என்ற விவசாயிகள் அமைப்பு முன்னால் நின்று எதிர்த்தது. 2024 மே மாதம் மாநில அரசு அனுமதி மறுத்தது. அதைத் தொடர்ந்து அந்தப் படுகையின் குயின்ஸ்லாந்துப் பகுதி முழுவதிலும் இந்தத் தொழில்நுட்பத்துக்கே தடை வந்தது.

எதிர்ப்பின் இன்னொரு ஊற்று காலநிலை இயக்கத்திலிருந்தே வருகிறது. பிடிக்கிறோம் என்ற பெயரில் கரியையும் எண்ணெயையும் இன்னும் முப்பது ஆண்டு எரிக்க இது அனுமதிச் சீட்டு என்கிறார்கள் அவர்கள். இதைத் தள்ள முடியாது. இன்றுவரை பிடித்த வாயுவில் பெரும்பகுதி பழைய கிணறுகளிலிருந்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் பிதுக்கவே பயன்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோர்கன் எரிவாயுத் திட்டம் மூன்றாண்டு தாமதமாக 2019இல் இறக்கத் தொடங்கி, வாக்களித்த அளவை ஆண்டுதோறும் தவறவிட்டது. நார்வேயின் அன்றைய பிரதமர் ஸ்டோல்டன்பர்க் 2007 புத்தாண்டு உரையில் இதை நிலவுப் பயணத்துக்கு ஒப்பிட்டார். அவர் சொன்ன மாங்ஸ்டாட் திட்டம் 2013இல் கைவிடப்பட்டது. வாக்குறுதிகளின் வரலாறு இப்படி இருக்கையில் மக்கள் சந்தேகப்படுவதை அறியாமை என்று சொல்வது நியாயமில்லை. ஆனாலும் சிமென்ட் விஷயத்தில் நான் தயங்குகிறேன். சிமென்ட் ஆலைப் புகையில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல் வெந்து பிளக்கும்போது கல்லிலிருந்தே வெளிவருகிறது. சூரிய மின்சாரம் வந்தாலும் அது நிற்காது. 2025 ஜூனில் நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் ஆண்டுக்கு நாலு லட்சம் டன் பிடிக்கும் பிரிவு தொடங்கியது; அந்த வாயு கப்பலேறிக் கடற்கரைக்குப் போய், கடலடியில் இறங்குகிறது. மக்களிடம் இந்த வேறுபாட்டை விளக்கிக் கேட்ட ஆய்வுகளில், கரி மின் நிலையத்துக்கு இல்லாத இரக்கம் இப்படிப்பட்ட ஆலைகளுக்குக் கிடைக்கிறது. அது சரியான வேறுபாடு என்றே நானும் நினைக்கிறேன்.

நிலத்தில் தோற்ற நாடுகள் கடலுக்குப் போயிருக்கின்றன. ராட்டர்டாமின் அதே ஆலைகளின் வாயு போர்த்தாஸ் என்ற திட்டத்தில் கரையிலிருந்து ஏறத்தாழ இருபது கி.மீ. தள்ளி, கடலடியில் மூன்று கி.மீ. ஆழத்துக்குப் போகவிருக்கிறது, முதலீட்டு முடிவு 2023 அக்டோபரில் எடுக்கப்பட்டது. பாரென்ட்ரெக்ட் மக்கள் 2008இலேயே கேட்டதும் இதைத்தானே, ஏன் கடலில் வைக்கக் கூடாது என்று. கடலில் வீடுகள் இல்லை, ஆகவே எதிர்ப்பு குறைவு. ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி முளைத்திருக்கிறது. ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே, பிரிட்டன் நாட்டு மக்களிடம் கீல் நகர ஆய்வாளர்கள் கேட்டபோது, சொந்த நாட்டு வாயுவைப் புதைப்பதற்கு இருந்த சம்மதம் அயல்நாட்டு வாயுவை வாங்கிப் புதைப்பதற்கு அவ்வளவாக இல்லை. வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. யார் வீட்டுக் குப்பை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தியாவில் இந்தப் பேச்சு இனிமேல்தான் ஊர்களுக்கு வர வேண்டும். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிடித்துச் சலவைச் சோடாவாக மாற்றும் ஏற்பாடு 2016இல் தொடங்கியது. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் தொடங்கிய நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. அரசு மானியம் இல்லாமலே ஓடுகிறது என்று உலகப் பத்திரிகைகள் அப்போது வியந்து எழுதின. அங்கே வாயு மண்ணுக்குள் போவதில்லை, மூட்டையாகி லாரி ஏறுகிறது. ஆனால் 2022 நவம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை 2050க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிக்கும் இலக்கைப் பேசுகிறது. அத்தனையும் சோடாவாக முடியாது. மிச்சத்தை வைக்க இடம் தேடும் புவியியலாளர்களின் வரைபடங்களில் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையோடு காவிரிப் படுகையும் இருக்கிறது.

காவிரிப் படுகைக்கு மேல் யார் வாழ்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 2017 பிப்ரவரியில் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு தேடும் புதிய பணிகளை அது தடுக்கிறது. வெளியே எடுப்பதற்குப் போட்ட அந்தத் தடை உள்ளே இறக்குவதற்கும் பொருந்துமா என்று ஒருநாள் யாராவது வழக்காடுவார்கள். அதற்கு முன்பே ஒரு அதிகாரி பாறை அடுக்குப் படத்தோடு கிராமசபைக்கு வருவார். மணற்கல், மேலே களிப்பாறை மூடி, இரண்டு கி.மீ. ஆழம், தொண்ணூற்றொன்பது பங்கு ஆயிரம் வருடத்துக்கு என்று விளக்குவார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். கூட்டத்தில் கதிராமங்கலத்துக்காரர் ஒருவர் இருந்தால், 2017 ஜூன் 30ஆம் தேதி ஓ.என்.ஜி.சி. குழாயிலிருந்து வயலில் கசிந்து நின்ற எண்ணெயையும், ஆட்சியர் நேரில் வரட்டும் என்று கேட்டு மறித்து நின்றதையும், அதற்குப் பதிலாக வந்த தடியடியையும் நினைத்துக்கொண்டு, குழாய் எந்த வழியாக வருகிறது என்றுதான் முதலில் கேட்பார்.